கழுவாத சட்டி

நான் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஆஸ்பத்திரிக்குப் போன மாதம் கூப்பிட்டிருந்தார்கள். கர்ப்பப்பை வாயில் புற்றுநோய் வருமுன் கண்டுபிடிக்கப் புதிதாக ஒரு குச்சி வந்திருக்கிறதாம். நுனியில் மெத்தென்று ஒரு பிரஷ். அந்தப் பெண்ணே மறைவாகப் போய், தானே மாதிரி எடுத்து, குழாயில் போட்டுக் கொடுத்துவிடலாம். யார் முன்னாலும் காலை மடக்கிக்கொண்டு படுக்க வேண்டியதில்லை. கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். பொறாமையாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன்.

அங்கிருந்த நர்ஸ் பெண்களில் ஒருத்தி, "மேடம், உங்க காலத்துல பிளாட்பாரத்துல இருக்கற பெண்கள் டெஸ்டுக்கு வராததுக்குக் காரணம் விழிப்புணர்வு இல்லாததுதானே?" என்று கேட்டாள். கேள்வியிலேயே பதிலையும் வைத்துக் கேட்கிற ரகம். எனக்கு அந்த வார்த்தையைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வரும். தெரியாதவர்கள் எல்லாம் ஒரு பக்கம், தெரிந்த நாம் எல்லாம் மறு பக்கம் என்று கோடு கிழிக்கிற வார்த்தை அது.

"இல்லைம்மா. ரொம்பக் கழுவினதுதான் காரணம்" என்றேன். பிள்ளைகள் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள். கிழவிக்குக் காது கேட்கவில்லை என்று நினைத்திருப்பார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நான் ராயபுரத்துக்காரி. பெயர் பிலோமினா. அப்பாவுக்குத் துறைமுகத்தில் வேலை. மாதா கோயில் பள்ளியில் படித்துவிட்டு நர்சிங் சேர்ந்தேன். படிப்பை முடித்து, பிரசவ வார்டுகளில் அலறல்களுக்கு நடுவே இளமையைக் கழித்துவிட்டு, தொண்ணூறுகளில் எங்கள் வட்டாரத்திலேயே ஒரு டிரஸ்ட் நடத்திய சின்ன ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தேன். அதுவரை கற்றதில் பாதியை அங்கே மறக்க வேண்டியிருந்தது. மறக்க வைத்தவர் டாக்டர் ருக்மணி.

டாக்டர் கோயம்புத்தூர் பக்கம். எல்லோரையும் 'ங்க' போட்டுத்தான் பேசுவார், எங்களைத் திட்டும்போதும் அப்படித்தான். "அறிவு இருக்குங்களா சிஸ்டர்?" என்பார். மரியாதையோடு அடி வாங்குவது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். நோயாளியைக் 'கேஸ்' என்று யாராவது சொல்லிவிட்டால் அன்றைக்கு அவர்களுக்குச் சாப்பாடு இறங்காது. ஆனால் நோயாளிகளிடம் அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை.

அந்த நாளில் எங்களிடம் வந்த கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்காரர்கள் எல்லாம் முற்றிய பிறகுதான் வந்தார்கள். அதிலும் தெருவில் வாழ்ந்தவர்கள் வந்தால் ஒன்றும் செய்வதற்கில்லாத நிலையில் ஆட்டோவில் தூக்கிவந்து போடப்பட்டார்கள். "வீடு இருக்கறவங்க லேட்டா வர்றாங்க. வீடு இல்லாதவங்க வர்றதே இல்லீங்க. நாமதான் போய்க் கூட்டிட்டு வரணும்" என்று டாக்டர் ஒரு நாள் முடிவு செய்தார். அந்த 'நாம' என்பது நான்தான்.

தண்டையார்பேட்டையில் ஒரு நீண்ட குடோன் சுவர். அதை ஒட்டி வரிசையாக நீலத் தார்ப்பாய்கள் கட்டிக் குடும்பங்கள் இருந்தன. புருஷன் இல்லாத பெண்கள் அதில் அதிகம். லாரியில் மூட்டை ஏற்றும்போது சிந்தும் பருப்பைக் கூட்டி, கல்லும் மண்ணும் போகப் புடைத்து, இட்லிக் கடைகளுக்கு விற்பார்கள். சிலர் காசிமேட்டில் மீன் ஆய்ந்து கொடுப்பார்கள். என் பேச்சு அவர்கள் பேச்சுதான் என்பதால் முதல் வாரமே என்னைச் சேர்த்துக்கொண்டார்கள். அந்த வரிசைக்குப் பெரிய மனுஷி முனியம்மா. ஒல்லியான உடம்பு, உரத்த குரல். "நர்சம்மா சொல்லுதுல்ல, போய்ப் பாத்துகினு வாங்கமே. தாலி கட்றதுக்கு மாரி நல்ல நேரமா பாக்கணும்?" என்று அவள் அதட்டியதால்தான் பெண்கள் கிளம்பினார்கள். அவள் மட்டும் வரமாட்டாள். "எனக்கு இன்னாத்துக்குமா, நானு கெயவி" என்று சிரித்துவிடுவாள். அப்படியொன்றும் கிழவி இல்லை.

சோதனையை டாக்டர் எப்படிச் செய்வார் என்று சொல்லியாக வேண்டும். அதைப் பார்த்துத்தான் நான் கற்றுக்கொண்டேன். அறைக்குள் பெண் வந்ததும் முதலில் கதவுத் தாழ்ப்பாளை அவளையே போடச் சொல்வார். படுக்கச் சொல்லிவிட்டு முழங்காலுக்கு மேலே ஒரு போர்வை. உள்ளே வைத்து விரிக்கிற கருவியை வெந்நீரில் நனைத்துத் தன் மணிக்கட்டில் தொட்டுப் பார்ப்பார், பாலாடையில் பால் கொடுக்குமுன் பார்ப்பதுபோல. "இப்பத் தொடறேங்க. இப்பக் கொஞ்சம் இறுக்கமா இருக்குங்க" என்று ஒவ்வொன்றையும் சொல்லிச் சொல்லித்தான் செய்வார். பிறகு ஐஸ்கிரீம் குச்சி மாதிரி ஒரு மரக்குச்சியைக் கர்ப்பப்பை வாயில் வைத்து ஒரு முழுச் சுற்று. வந்ததைக் கண்ணாடிச் சில்லில் ஒரே இழுப்பாக இழுத்து, உடனே ஸ்பிரிட் ஜாடிக்குள் இறக்கிவிட வேண்டும். காற்றுப்பட்டுக் காய்ந்தால் செல்கள் கெட்டுவிடும். அதனால் அந்த அறையில் ஃபேன் போடக்கூடாது. சித்திரை வெயிலில் உள்ளே நாங்கள் வெந்துபோவோம். கொஞ்ச நாளில் குச்சி வேலையை என்னிடம் விட்டுவிட்டார்.

விட்ட பிறகுதான் வந்தது வினை. குடோன் சுவர்ப் பெண்களின் சில்லுகளை லேபில் இருந்து திருப்பி அனுப்பிக்கொண்டே இருந்தார்கள். பார்ப்பதற்குப் போதுமான செல்கள் இல்லையாம். வீட்டுப் பெண்களின் சில்லுகள் மட்டும் சரியாக இருந்தன. டாக்டர் என்னைக் கூப்பிட்டு, "பிளாட்பாரத்துல இருந்து வர்றவங்களுக்குன்னா கை கொஞ்சம் மேலோட்டமாப் போகுதுங்களா சிஸ்டர்?" என்றார். எனக்குச் சுருக்கென்றது. அவர் கேட்டதில் நியாயம் இருந்தது, அப்படிச் செய்கிறவர்களை நானே பார்த்திருக்கிறேன். ஆனால் என்னைக் கேட்டுவிட்டாரே என்று அழுகை வந்தது. "நின்னு பாருங்க டாக்டர்" என்று மட்டும் சொன்னேன்.

நின்று பார்த்தார். அன்றைக்குப் படுத்தவள் அஞ்சலை, முனியம்மாவுக்கு அடுத்த தார்ப்பாய்க்காரி, வாய்த்துடுக்கு. என் கையில் பிழை இல்லை என்று டாக்டருக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் குனிந்தவர் மூக்கைச் சுருக்கினார். சோப்பு வாசனை. துணி துவைக்கிற பார் சோப்பு. உள்ளே தோல் வறண்டு சிவந்துபோயிருந்தது.

"உள்ள சோப்புப் போட்டுக் கழுவினீங்களா?"

"பின்ன? உங்கள மாரி பெரிய டாக்டரு பாக்க சொல்லோ அப்பிடியேவா வருவாங்க? எல்லாருந்தான் கயுவிகினு வர்றோம். முனிமாதான் சொல்லிச்சு, படிகாரத் தண்ணில ஒருவாட்டி, சோப்புல ஒருவாட்டி."

வரிசை முழுவதும் எங்களுக்குச் செய்த மரியாதை அது. விடியுமுன் எழுந்து, குழாயடியில் இடம் பிடித்து, புடவையோடு உட்கார்ந்து உள்ளேயெல்லாம் தேய்த்துக் கழுவிவிட்டு, நாங்கள் தேடுகிற செல்களையெல்லாம் தண்டையார்பேட்டைச் சாக்கடையில் விட்டுவிட்டு வந்திருக்கிறார்கள். டாக்டர் ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்து விளக்கினார். "நான் பார்க்கறது அழுக்கை இல்லீங்க. தானா உதிர்ற தோலைப் பார்க்கறேன். அதைக் கழுவிட்டீங்கன்னா எனக்குப் பார்க்க ஒண்ணும் மிச்சம் இல்லை."

அஞ்சலை யோசித்தாள். "அப்ப கயுவாத சட்டிதான் ஒனக்கு வோணுமா டாக்டரம்மா?"

நான் வாயைப் பொத்திக்கொண்டேன். டாக்டர் சிரிக்கவில்லை. "ஆமாங்க, கழுவாத சட்டிதான் வேணும்" என்றார். அன்று மாலைக்குள் அது வரிசை முழுக்கப் பரவி, எங்கள் சோதனைக்கே 'சட்டி டெஸ்ட்' என்று பெயர் வந்துவிட்டது.

பெயர் வந்ததே தவிர, கழுவாமல் வர யாருக்கும் கால் எழவில்லை. டாக்டர் யோசித்து ஒரு வழி செய்தார். ஆஸ்பத்திரிப் பின்கட்டில் பழைய சாமான்கள் போட்டுவைத்திருந்த குளியலறையைக் காலி செய்து, தாழ்ப்பாள் போட்டு, வெந்நீருக்கு ஒரு பாய்லரும் வைத்தார். இரண்டு நாள் உள்பக்கம் கழுவாமல் வர வேண்டும், டெஸ்ட் முடிந்ததும் வெந்நீரில் ஆசைதீரக் குளித்துவிட்டுப் போகலாம். வெட்டவெளியில் புடவையோடு குளித்தே பழகியவர்களுக்குத் தாழ்ப்பாள் போட்ட குளியலறை எத்தனை பெரிய விஷயம் என்று வீட்டில் இருக்கிற நமக்குத் தெரியாது. உள்ளே போனவள் வெளியே வரமாட்டாள். வெளியே நிற்பவள் கதவைத் தட்டித் திட்டுவாள். அதன்பிறகு லேபில் இருந்து ஒரு சில்லும் திரும்பி வரவில்லை.

முனியம்மா மட்டும் ஆஸ்பத்திரி கேட் ஓரம் உட்கார்ந்துகொண்டு மற்றவர்களை உள்ளே தள்ளிவிட்டபடி இருந்தாள். அவளிடம் ஒரு வழக்கத்தைக் கவனித்தேன். நான் பக்கத்தில் போனால் எழுந்து மறுபக்கம் போய் நிற்பாள். எப்போதும் கடற்காற்று என் பக்கமிருந்து அவள் பக்கம் போகிற மாதிரி பார்த்துக்கொள்வாள். திமிர் என்று அஞ்சலை சொல்வாள். வரிசையிலும் எல்லோரையும் விட்டுத் தள்ளிக் கடைசியில்தான் அவள் படுப்பாளாம். ஒரு நாள் காற்று திடீரென்று திரும்பியது. சோப்பையும் படிகாரத்தையும் மீறிக்கொண்டு அந்த வாடை வந்தது, புற்றுப் புண்ணின் வாடை. இந்த வேலையில் இருந்தவர்களுக்கு அதை விளக்க வேண்டாம், இல்லாதவர்களுக்கு விளக்கவும் முடியாது.

"எத்தினி நாளா ரத்தம் போவுது முனிமா?" என்று நேராகவே கேட்டேன்.

அவள் மறுக்கவில்லை. "தூரம் எப்பவோ நின்னு பூடுச்சிமா. போன மய காலத்துல திரும்பியும் வந்துச்சு. ஒரு ஆஸ்பத்திரில போயி வரிசைல நின்னேன். அங்க ஒரு ஆயா மூக்கப் பொத்திகினு, 'இன்னாமே இம்மாங் கலீஜா வந்துகீற, போயி கயுவிகினு வா'ன்னுச்சு. ரோட்டாண்ட கொயாவுல கயுவி, பொடவைய அலசிப் புயிஞ்சி கட்டிகினு வந்தேன். கேட்ட சாத்திட்டாங்க."

"மறுநாளு போவறதுதான?"

"மறுநாளும் கலீஜாதானமா இருப்பேன்."

பெண்களையெல்லாம் கழுவிக்கொண்டு போகச் சொன்னது எதனால் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. தனக்கு நடந்தது அவர்களுக்கு நடக்கக்கூடாது என்று சொல்லியிருக்கிறாள்.

டாக்டரிடம் போய்ச் சொன்னேன். 'கலீஜ்' என்றால் என்ன என்று கேட்டார். அழுக்கு என்றேன். அதோடு நிற்காது டாக்டர், குப்பையையும் சொல்வார்கள், ஆளையும் சொல்வார்கள் என்றேன். அவர் கையைத் துடைத்துக்கொண்டு கேட்டுக்குப் போனார். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்க்காமல் முனியம்மாவுக்கு எதிரே போய் நின்றார்.

"இன்னிக்குக் கழுவினீங்களா?"

"காலீலயே கயுவிட்டேன்மா."

"பரவாயில்லீங்க. வாங்க."

அவள் என்னைப் பார்த்தாள். நான் அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டேன். தாழ்ப்பாளை அவளே போட்டாள். படுத்ததும் எங்கள் ஆயா நல்லெண்ணத்தில் ஃபேன் ஸ்விட்சைத் தட்டினாள். முனியம்மாவின் முகம் சுருங்கிப்போனது, எதற்காகப் போடுகிறார்கள் என்று அவளுக்குத் தெரியாதா? "ஃபேனை நிறுத்துங்க. இந்த அறையில போடறதில்லை" என்றார் டாக்டர். அன்றைக்குக் காய்ந்து போவதற்குச் சில்லே கிடையாது. உள்ளே வளர்ந்திருந்த சதை கண்ணுக்கே தெரிந்தது. சின்னத் துண்டு எடுத்து மருந்துப் புட்டியில் போடுகிற வேலைதான், அதற்குக் காற்று ஒன்றும் செய்யாது. டாக்டர் நெற்றியிலிருந்து வியர்வை சொட்ட, கருவியை வெந்நீரில் நனைத்து, மணிக்கட்டில் தொட்டுப் பார்த்து, மற்ற எல்லோருக்கும் சொன்னதையே சொன்னார். "இப்பத் தொடறேங்க." முனியம்மா கூரையைப் பார்த்தபடி இருந்தாள். கண்ணீர் காதுக்குள் இறங்கியது.

முடிவு வந்ததும் டாக்டர் ஒளிக்கவில்லை. "கேன்சருங்க. இன்னும் ரொம்பப் பரவலை. இப்பப் பார்த்தா சரி பண்ணலாம். விட்டுட்டா முடியாது" என்றார். கரண்ட் வைக்க வேண்டும், வாரக்கணக்கில் வார்டில் இருக்க வேண்டும். ஷாக் அடிக்கிற கரண்ட் இல்லை, படம் எடுப்பதுபோல ஒரு கதிர்தான் என்று புரியவைப்பதற்குள் எனக்குத் தொண்டை வற்றியது. அரசு ஆஸ்பத்திரியில் சேர்க்கத் துணைக்கு ஆள் வேண்டும் என்றார்கள். வரிசைப் பெண்கள் முறை வைத்துப் போனார்கள். கூட இருப்பவளின் கூலியை மற்றவர்கள் பார்த்துக்கொண்டார்கள்.

நான் எதிர்பாராத இடத்தில் சிக்கல் வந்தது. கதிர் சரியான இடத்தில் விழுவதற்காக வயிற்றில் மையால் கோடு போட்டுவிடுவார்கள். சிகிச்சை முடியும்வரை அது அழியக்கூடாது. அந்த இடத்தில் சோப்புப் போடக்கூடாது, தேய்க்கக்கூடாது. யாரிடம் சொல்கிறார்கள் பாருங்கள். பாதி வாரங்கள் போன பிறகு ஒரு காலையில் அஞ்சலை மூச்சிரைக்க ஓடிவந்தாள். "நர்சம்மா, முனிமா வந்து தார்ப்பாயில குந்திகினுகீது. இனிமே போவமாட்டேன்றது."

போனேன். தலைமாட்டில் மூட்டையை வைத்துக்கொண்டு முனியம்மா குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். வார்டில் பக்கத்துப் படுக்கைக்காரி மூக்கில் முந்தானையை வைத்திருக்கிறாள். அது சளிக்காகக்கூட இருக்கலாம். இவள் நேராகக் குளியலறைக்குப் போய்த் தேய்த்துக் கழுவிவிட்டாள். கோடு போய்விட்டது. திட்டு விழும் என்று பயந்து கிளம்பி வந்துவிட்டாள்.

இத்தனை வருட நர்ஸ் வேலையில் எனக்கு வந்த கோபத்தையெல்லாம் சேர்த்து வைத்தாலும் அன்றைக்கு வந்ததற்கு ஈடாகாது. நர்ஸ் பேச்செல்லாம் மறந்து, பிறந்த தெருப் பேச்சு வந்துவிட்டது.

"இன்னாமே நெனச்சிகினுகீற நீ? அந்த ஆயா ஒரு வார்த்த சொல்லிட்டு அவ வூட்டுக்குப் போயி சோறு துன்னுட்டுத் தூங்கிட்டா. நீ இன்னும் அவளுக்குக் கயுவிகினுகீறியே. நடுவுல வுட்டா செத்துப் பூடுவ முனிமா. தெரியுமா ஒனக்கு?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். வரிசை முழுக்க வந்து நின்றுவிட்டது. குரலைத் தாழ்த்திக்கொண்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். "ஒண்ணே ஒண்ணு சொல்லு. அந்த நாத்தம் இப்ப எப்பிடிகீது?"

"கொறஞ்சிகீதுமா. ரத்தமும் நின்னுபோச்சி."

"அப்பறம் இன்னாத்துக்குக் கயுவுன?"

"பயக்கம்" என்றாள்.

அஞ்சலைதான் மூட்டையைத் தூக்கினாள். "எந்திரி. எங்களையெல்லாம் கயுவாம அனுப்பிட்டு நீ மட்டும் பளபளன்னு மின்னலாம்னு பாக்கறியா?" என்று அவள் கையைப் பிடித்து இழுத்ததும் முனியம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆட்டோவில் மூவரும் நெருக்கிக்கொண்டு போனோம். அங்கே கோடு போடுகிறவர் முணுமுணுத்துக்கொண்டே திரும்பவும் அளந்து போட்டார். பெரிதாகத் திட்டவில்லை. மிச்ச வாரங்களில் கைகளை அக்குளில் சொருகிக்கொண்டு படுத்திருந்தாளாம். தண்ணீர்ப் பக்கம் போனாலே முறை வைத்துத் துணைக்கு வந்தவள் பின்னால் போய் நிற்பாளாம்.

எல்லாக் கதையும் இப்படி முடியவில்லை. அதே சுவரில் வேறு இரண்டு பெண்களுக்கு நாங்கள் போய்ச் சேர்ந்ததே தாமதம். அவர்கள் முகமும் எனக்கு மறக்கவில்லை.

கரண்ட் முடிந்து சில மாதம் கழித்து, நோய் போய்விட்டதா என்று பார்க்க முனியம்மாவை எங்கள் ஆஸ்பத்திரிக்கே வரவழைத்தோம். உடம்பு இன்னும் இளைத்திருந்தது. அறைக்குள் நான் விளக்கைப் பிடித்தேன். டாக்டர் குனிந்து பார்த்தார், விளக்கை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் திருப்பச் சொல்லிப் பார்த்தார், விரலால் தொட்டுப் பார்த்தார். ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டார். பிறகு நிமிர்ந்து, கையுறையைக் கழற்றிப் போட்டுவிட்டு, போர்வையை இழுத்து மூடினார்.

"சுத்தமா இருக்குங்க முனியம்மா" என்றார்.

எங்கள் தொழிலில் தினமும் சொல்கிற வார்த்தைதான் அது. நோய் மிச்சமில்லை என்று அர்த்தம். முனியம்மா முழங்கையை ஊன்றித் தலையைத் தூக்கினாள். டாக்டரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், மறுபடி டாக்டரைப் பார்த்தாள்.

"இன்னா சொன்னீங்க டாக்டரம்மா?"

"சுத்தமா இருக்குன்னேங்க."

"இன்னொரு தபா சொல்லுங்க" என்றாள்.

டாக்டர் இன்னொரு தடவை சொன்னார்.